ஷார்ப்வில் 1960: போலீஸ் சொன்னதும் படத்தில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை

லென்ஸ் வாசகி (லெனேசியா)

இங்கே தென்னாப்பிரிக்காவில் மார்ச் 21 விடுமுறை என்றால் கடைகளில் தள்ளுபடி, வீட்டில் பிராய் (நெருப்பில் இறைச்சி வாட்டும் விருந்து) என்று போய்விடுகிறது. அன்று என்ன நடந்தது என்று பிள்ளைகளைக் கேட்டால் "69 பேர் செத்தாங்க" என்பதற்கு மேல் வருவதில்லை. லெனேசியாவிலிருந்து ஷார்ப்வில் ஒன்றும் தூரமில்லை. அதனால் இந்த இழையைத் தொடங்குகிறேன். கேட்க விரும்புவது ஒன்றுதான்: 1960ல் போலீஸ் கொடுத்த விளக்கம் அன்று எடுத்த படங்களுக்கு முன்னால் நிற்குமா?

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அப்போதைய வெள்ளையர் ஆட்சியில் கறுப்பின மக்கள் எந்நேரமும் கையில் பாஸ் புத்தகம் (நடமாட்ட அனுமதிப் புத்தகம்) வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சிறை. ராபர்ட் சோபுக்வே தலைமையில் பான் ஆப்பிரிக்கனிஸ்ட் காங்கிரஸ் கட்சி, பாஸை வீட்டில் வைத்துவிட்டுப் போலீஸ் நிலையத்துக்குப் போய் "எங்களைக் கைது செய்யுங்கள்" என்று நிற்கச் சொன்னது. சோபுக்வே அன்று ஓர்லாண்டோ போலீஸ் நிலையத்துக்குப் போனார். ஃபெரீனிகிங் பக்கத்தில் உள்ள ஷார்ப்வில்லில் ஆயிரக்கணக்கானவர்கள் போலீஸ் நிலைய வேலியைச் சுற்றி நின்றார்கள். மத்தியானம் ஒன்றரை மணிக்கு மேல் போலீஸ் சுட்டது. அதிகாரபூர்வக் கணக்கு 69 பேர் மரணம், ஏறக்குறைய 180 பேருக்குக் காயம்.

போலீஸ் சொன்னது: 20,000 பேர் சூழ்ந்துகொண்டார்கள், கல்லெறிந்தார்கள், பயங்கர ஆயுதங்கள் வைத்திருந்தார்கள், வேலியைச் சாய்க்கப் பார்த்தார்கள், உயிருக்குப் பயந்து சுட்டோம். யாரும் சுட உத்தரவு கொடுக்கவில்லை, கான்ஸ்டபிள்கள் தாங்களாகவே சுட்டுவிட்டார்கள்.

சுடும் நேரத்தில் அங்கே கேமராவோடு இருந்தவர் டிரம் பத்திரிகைக்காகப் போன இயன் பெர்ரி. அவரோடு துணை ஆசிரியர் ஹம்ஃப்ரி டைலர். பெர்ரியின் படங்களில் ஜனங்கள் வெட்டவெளியில் கேமராவை நோக்கி ஓடிவருகிறார்கள், போலீஸ் அவர்களுக்கு முதுகுப்பக்கம் இருக்கிறது. கைகளைப் பாருங்கள். ஒவ்வொரு கையாகப் பாருங்கள். நானும் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன், கல்லோ கத்தியோ எனக்குத் தென்படவில்லை. உங்களுக்கு என்ன தெரிகிறது?

சாண்டன் தம்பி (ஜோகன்னஸ்பர்க்)

அக்கா, நான் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக இங்கே வந்தவன். இதைப் படித்ததும் தூத்துக்குடி ஞாபகம்தான் வந்தது. 2018 மே 22, 23, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டம், 13 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். வன்முறைக் கும்பலைக் கட்டுப்படுத்தவே சுட்டோம் என்றுதான் அப்போதும் முதலில் சொன்னார்கள். ஆனால் சாதாரண உடையில் வேன் மேல் ஏறி நின்று ஒருவர் துப்பாக்கியால் குறி பார்க்கும் படத்தைத் தமிழ்நாடே பார்த்துவிட்டது. அப்புறம் ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022ல் சட்டமன்றத்தில் வந்தபோது, ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள் என்று அதுவே சொன்னது.

ஷார்ப்வில்லிலும் ஒரு போலீஸ்காரர் கவச வண்டி மேல் நின்று சுட்டார் என்று கேள்விப்பட்டேன். அது படத்தில் இருக்கிறதா, அல்லது யாராவது எழுதியதா?

லென்ஸ் வாசகி

அது டைலரின் வாக்குமூலம், தம்பி. சாரசன் கவச வண்டி மேல் ஒருவர் நின்று, இடுப்பில் வைத்த துப்பாக்கியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை திருப்பித் திருப்பிச் சுட்டதைக் கண்ணால் பார்த்ததாக எழுதினார். படத்தில் உள்ளது எது, சாட்சி சொன்னது எது என்று நாம் பிரித்தே பேச வேண்டும், நீ கேட்டது நல்லதாகப் போயிற்று.

பீனிக்ஸ் பெரியவர் (டர்பன்)

எல்லோரும் ஒரே பக்கமாகப் போகிறீர்கள். நான் டர்பனில் அந்தக் காலத்தில் வளர்ந்தவன், அதனால் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஷார்ப்வில்லுக்கு இரண்டு மாதம் முன்னால், 1960 ஜனவரி 24, இங்கே கேட்டோ மேனரில் ஒன்பது போலீஸ்காரர்களைக் கூட்டம் அடித்துக் கொன்றது. நாலு பேர் வெள்ளையர், ஐந்து பேர் கறுப்பர். கேட்டோ மேனர் எப்படிப்பட்ட இடம் என்று நம்மவர்களுக்குத் தெரியும், 1949 கலவரத்தில் நம் இந்திய ஜனம் அங்கே என்ன பட்டது என்றும் தெரியும். அந்தச் செய்தி நாடு முழுக்க ஒவ்வொரு போலீஸ்காரன் மனசிலும் இருந்தது. வேலிக்கு உள்ளே 300 பேர், வெளியே ஆயிரக்கணக்கில். காலையிலிருந்து வெயிலில் நிற்கிறான். பயம் பொய்யில்லை.

இரண்டாவது, படத்தைப் பற்றி. ஜனங்கள் ஓடுகிற படம் எப்போது எடுத்தது? சுட ஆரம்பித்த பிறகு. சுட்டால் எவனும் திரும்பி ஓடத்தான் செய்வான். அந்தப் படம் "ஓடினார்கள்" என்று மட்டும்தான் சொல்கிறது. ஒரு நிமிஷம் முன்னால் அதே ஆள் கையில் கல் இருந்ததா என்று அது சொல்லாது. கீழே போட்டுவிட்டு ஓடியிருக்கலாமே. ஒரு நொடியைப் பிடித்து வைத்துக்கொண்டு அரை நாள் கதையைத் தீர்மானிக்கலாமா?

சாட்ஸ்வர்த் கேமரா (டர்பன்)

ஐயா, நான் ஃபிலிம் காலத்திலிருந்தே கல்யாணப் படம் எடுப்பவன், டார்க் ரூமில் கை ஊறினவன். நீங்கள் கேட்டது சரியான கேள்வி, அதற்குத் தொழில் முறையில் பதில் இருக்கிறது.

ஒற்றைப் படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபிலிம் ஒற்றைப் படமாக இருப்பதில்லை. 35 மில்லிமீட்டர் சுருளில் எண் ஓரத்திலேயே பதிந்திருக்கும், எதற்கு அடுத்து எது எடுத்தது என்பதை அப்புறம் யாரும் மாற்ற முடியாது. சுருளை அப்படியே காகிதத்தில் வைத்து அச்சிட்டால் முழு வரிசையும் தெரியும். அதனால் ஓடும் படத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சுடுவதற்கு முன் அந்தக் கூட்டம் எப்படி இருந்தது என்று டைலர் எழுதியதையும் பக்கத்தில் வையுங்கள். சாரசன் வண்டிகளுக்குப் பின்னாலேயே அவர்களும் காரில் உள்ளே போனார்கள். ஜனங்கள் சிரித்தார்கள், கை அசைத்தார்கள், பெருவிரலைத் தூக்கிக் கோஷம் போட்டார்கள், தனக்குப் பயமே வரவில்லை என்கிறார். இரண்டு வெள்ளைக்காரர்கள் ஆயுதம் இல்லாமல் அந்தக் கூட்டத்தின் பக்கத்தில் காரை நிறுத்தி இறங்கி நடமாடினார்கள், அவர்கள்மேல் ஒருவரும் கை வைக்கவில்லை. கொலைவெறிக் கூட்டம் என்றால் முதலில் அடிபட்டிருப்பது இவர்கள்தானே?

இன்னொன்று, கேமராவின் உயரம். பெர்ரி சுடும் சத்தம் கேட்டதும் புல்லில் விழுந்து எடுத்தவர். தாழ்ந்த கோணத்தில் எடுத்தால் ஓடும் ஆட்கள் பெரிதாகத் தெரிவார்கள், தரை தெரியாது. கீழே போட்ட கல்லோ தடியோ இருந்தாலும் அந்தப் படத்தில் விழாது. அதனால் தரையைப் பற்றி அந்தப் படத்திடம் கேட்கவே கூடாது. சுட்டு முடித்தபின் நின்ற உயரத்திலிருந்து மைதானத்தை எடுத்த பத்திரிகைப் படங்கள் இருக்கின்றன, தரையை அவற்றில் பார்க்க வேண்டும். உடல்கள், நடுவில் நடந்து போகும் போலீஸ்காரர்கள், சிதறிக் கிடக்கும் பொருள்கள். ஆயுதம் சிதறிக் கிடந்ததாகப் போலீஸ் சொன்னதால் டைலர் இதைத் தனியாகவே கவனித்தார்: நேரில் தேடிப் பார்த்தார், பிறகு படங்களையும் பார்த்தார், செருப்பும் தொப்பியும் ஒரு சில சைக்கிளும்தான் கண்டேன் என்று எழுதினார். கல்லைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம் என்கிறீர்கள், சரி, ஆயிரக்கணக்கானவர்கள் போட்ட கல்லும் தடியும் அந்த மைதானத்தில் எங்கே?

மாரிட்ஸ்பர்க் வக்கீல்

பெரியவர் சொன்னதில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் விசாரணையின் மையமே அதுதான். ஓடும் படம் சுட ஆரம்பித்த பிறகு எடுத்தது என்கிறீர்கள். ஆமாம். போலீஸுக்கு எதிரான மிகப் பெரிய சாட்சியமே அதுதான்.

முதல் தோட்டாவைப் பயத்தின் கணக்கில் எழுதலாம். வாசல் பக்கம் தள்ளுமுள்ளு நடந்தது, ஒரு போலீஸ் அதிகாரி தடுமாறி விழுந்தார், என்ன என்று பார்க்கக் கூட்டம் முன்னால் நகர்ந்தது, அந்த நேரத்தில் ஒரு இளம் கான்ஸ்டபிள் நடுங்கிச் சுட்டுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு கூட்டம் திரும்பி ஓடுகிறது, அதைப் படம் காட்டுகிறது. ஓடுகிறவனிடமிருந்து என்ன ஆபத்து? தற்காப்பு என்ற வாதம் ஆள் முதுகைக் காட்டிய நொடியில் முடிந்துவிடுகிறது. காயம்பட்டவர்களைப் பார்த்த மருத்துவர்களின் சாட்சியமும் இதைத்தான் சொன்னது, தோட்டா பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அது பின்பக்கமிருந்து நுழைந்திருந்தது. படமும் மருத்துவ அறிக்கையும் ஒன்றை ஒன்று பார்த்து எழுதியவை அல்ல, தனித்தனியாக வந்தவை, இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. வழக்கறிஞனுக்கு இதைவிட என்ன வேண்டும்.

ஷார்ப்வில் சூட்டை விசாரித்த நீதிபதி வெசல்ஸ் ஆணையத்தில் ஜோகன்னஸ்பர்க் பிஷப் ஆம்ப்ரோஸ் ரீவ்ஸ் சார்பில் சிட்னி கென்ட்ரிட்ஜ் ஆஜரானார். அன்று போலீஸுக்குத் தலைமை ஏற்ற லெப்டினன்ட் கர்னல் பினார், ஆட்களை ஐந்து ரவுண்டு போட்டுத் தயாராக இருக்கச் சொன்னார், கூட்டத்துக்குக் கலைந்து போக எச்சரிக்கை எதுவும் கொடுக்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்து வையுங்கள். கறுப்பர்கள் கூடினாலே வன்முறைதான், அமைதியாகக் கூடும் மனப்பாங்கு அவர்களுக்கு இல்லை என்ற பொருளில் அவர் பேசியதும் பதிவில் இருக்கிறது. எதிரில் நிற்பவனைப் பற்றி இப்படி முன்கூட்டியே முடிவுகட்டிக்கொண்டு வந்தவருக்கு, கோஷம் போடும் கை எல்லாம் கல்லெறியும் கையாகத்தான் தெரிந்திருக்கும். கல் பட்டதாகச் சொல்லப்பட்ட போலீஸ்காரர்கள் மூன்றே பேர் என்றும் டைலர் எழுதியிருக்கிறார்.

நஷ்டஈடு கேட்டு 200க்கும் மேற்பட்டவர்கள் மனு போட்டார்கள். அரசு என்ன செய்தது? 1961ல் இழப்புக்காப்புச் சட்டம் கொண்டுவந்து, போலீஸ் மீதும் அரசு மீதும் வழக்குப் போட முடியாதபடி பின்தேதியிட்டுக் கதவை அடைத்தது. தன் விளக்கத்தில் நம்பிக்கை உள்ள அரசு நீதிமன்றத்துக்குப் பயந்து சட்டம் போடாது.

வெருலம் அக்கா

படத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள், படத்தில் விழாதவர்களைப் பற்றி நான் பேசுகிறேன். 69 என்ற எண்ணை எல்லோரும் கல்வெட்டு மாதிரி சொல்கிறோம். அதுவும் போலீஸ் கொடுத்த எண்தான். பழைய போலீஸ், மருத்துவமனைப் பதிவுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்த இரண்டு வரலாற்றாசிரியர்கள் சில வருடம் முன்னால், இறந்தவர்கள் குறைந்தது 91, காயம்பட்டவர்கள் குறைந்தது 238 என்று கணக்குச் சொன்னார்கள். அறுபது வருடத்துக்கு மேலாக இருபதுக்கும் மேற்பட்ட பேர் கணக்கிலேயே வராமல் இருந்திருக்கிறார்கள். யாருடைய அப்பா, யாருடைய பிள்ளை? இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

கேமரா ஒரு திசையை மட்டும் பார்க்கும். எந்தச் சந்தில் யார் விழுந்தார், காயத்தோடு வீட்டுக்குப் போய் அங்கேயே யார் செத்தார், மருத்துவமனைக்குப் போனால் கைது செய்வார்கள் என்று யார் ஒளிந்தார், அது தெரியாது. பிஷப் ரீவ்ஸ் செய்த காரியத்தை அதனால்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பாரக்வனாத் மருத்துவமனையில் படுத்திருந்தவர்களிடம் ஆள் அனுப்பி வாக்குமூலம் வாங்கினார். அதற்காகவே அந்த அரசு அதே வருடம் அவரை நாடு கடத்தியது.

நம் சொந்தக் கதையும் எனக்கு இதில் தெரிகிறது. 1913 நவம்பரில் மவுண்ட் எட்ஜ்கம் கரும்புத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த நம் ஆட்களைச் சுட்டார்கள். ஒப்பந்தக் கூலிக்காலம் முடிந்த இந்தியர்மேல் போட்ட மூன்று பவுண்டு வரிக்கு எதிரான வேலைநிறுத்தம், சுடப்பட்டவர்களில் தமிழ்ப் பேர்கள் இருக்கின்றன. நீதிபதி சாலமன் தலைமையில் ஆணையம் போட்டார்கள், அதில் இந்தியர் தரப்பு ஆள் இல்லை என்று காந்தி ஒதுங்கிவிட்டார். அங்கே இயன் பெர்ரி மாதிரி ஒருவர் புல்லில் விழுந்து படம் எடுக்கவில்லை. அதனால் நமக்கு மிஞ்சியது துரைமார் எழுதி வைத்ததுதான். வெருலத்திலிருந்து டர்பன் போகும் வழியில் அந்தப் பக்கம் இப்போது வீடுகளும் கடைகளுமாக இருக்கிறது, தினமும் நாம் கடந்து போகிறோம். ஷார்ப்வில் படங்களை நான் நம் விஷயமாகப் பார்ப்பது இதனால்தான், யாரோ வேறு ஜனத்தின் துக்கமாக என்னால் பார்க்க முடியவில்லை.

சாண்டன் தம்பி

அக்கா, மவுண்ட் எட்ஜ்கம் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி.

ஒரு சந்தேகம். படமே பொய் சொல்ல வைக்கப்பட்டால்? போலீஸும்தானே படம் எடுக்கிறது.

சாட்ஸ்வர்த் கேமரா

அதற்கு உதாரணம் தேடி 1960க்குப் போக வேண்டாம். மரிகானா, 2012 ஆகஸ்ட் 16. பிளாட்டினச் சுரங்கத் தொழிலாளர்கள் 34 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. டிவியில் எல்லோரும் பார்த்தது முதல் இடத்தை மட்டும், அங்கே செத்தது 17 பேர். மறுநாள் போலீஸ் தலைமை "தற்காப்பு" என்றது. அந்த டிவிக் காட்சியை மட்டும் பார்த்தவர்களில் நிறையப் பேர், தொழிலாளர்கள் போலீஸை நோக்கி ஓடிவந்த மாதிரிதானே இருக்கிறது என்று நம்பியும் விட்டார்கள்.

மீதி 17 பேர் செத்தது கொஞ்ச தூரத்தில் பாறைகளுக்கு நடுவில், டிவி கேமரா இல்லாத இடத்தில். கிரெக் மரினோவிச் என்ற பத்திரிகைப் படக்காரர் அந்தப் பாறைகளுக்குப் போய், உடல் கிடந்த இடங்களில் தடயப் பிரிவு பெயின்ட்டால் எழுதிவிட்டுப் போன எழுத்துகளைப் பார்த்தார். பாறை இடுக்கில், ஒதுங்கிப் பதுங்கத்தான் முடியும் என்ற இடத்தில் எழுத்து இருக்கிறது. அங்கே ஒளிந்தவன் எப்படிப் போலீஸைத் தாக்கினான்?

அப்புறம் மரிகானாவை விசாரித்த ஃபார்லம் ஆணையத்தில் வந்தது நீ கேட்ட விஷயம். சுட்ட உடனே எடுத்த படங்களில் உடல் பக்கத்தில் ஆயுதம் இல்லை. அன்று இரவு போலீஸே எடுத்த படத்தில் அதே உடல், கைக்குக் கீழே வெட்டுக்கத்தி. வக்கீல் ஜார்ஜ் பிசோஸ் இரண்டையும் வைத்துக் கேள்வி கேட்டார். நடுவில் யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஒரு படம் மட்டும் இருந்திருந்தால், அதுவும் அந்த இரவுப் படம் மட்டும் இருந்திருந்தால், செத்தவன் என்றைக்கும் கத்தி பிடித்தவனாகவே இருந்திருப்பான். அதனால்தான் எந்த நேரத்தில் எடுத்தது, யார் எடுத்தது, அதற்கு முன்னும் பின்னும் என்ன படம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பீனிக்ஸ் பெரியவர்

மரிகானா பற்றி எனக்கு மறுப்பு இல்லை, உடல் பக்கத்தில் ஆயுதத்தைக் கொண்டுவந்து வைத்தவனை உள்ளே போட்டிருக்க வேண்டும்.

ஷார்ப்வில்லில் முதுகில் சுட்டதையும் நான் நியாயப்படுத்தவில்லை, அதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். நான் கேட்பது வேறு. வேலைக்குப் போகிறவர்களை அன்று காலை போகவிடாமல் தடுத்தார்கள், பஸ் ஓடவில்லை, வராதவர்களை மிரட்டி அழைத்து வந்தார்கள் என்றும் சாட்சியம் இருக்கிறது. கூட்டம் 20,000 என்று போலீஸ் சொன்னதை மிகை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அதைப் படம் காட்டுமா?

லென்ஸ் வாசகி

ஐயா, 20,000 என்பது போலீஸ் எண். சுமார் 5,000 என்று சொன்ன கணக்குகளும் உண்டு. படம் ஓரளவுக்கு உதவும். வேலியோரம் எடுத்த படத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் எத்தனை தலை என்று எண்ணி, மொத்த இடத்துக்கும் பெருக்கிப் பார்க்கலாம். ஆனால் மொத்த இடமும் ஒரே படத்தில் விழுந்திருக்க வேண்டும், மேலிருந்து எடுத்திருக்க வேண்டும். தாழ்ந்த கோணத்தில் முன்வரிசை பின்வரிசையை மறைத்துவிடும். அதனால் பெர்ரி படங்களை வைத்து எண்ணிக்கையில் நான் சண்டை போடமாட்டேன். அன்று விமானப்படை ஜெட் விமானங்கள் கூட்டத்தின் தலைக்கு மேல் தாழப் பறந்தன, மிரட்டிக் கலைக்க. ஜனங்கள் கலையவில்லை, வேடிக்கை பார்த்தார்கள். மிரட்டி அழைத்து வரப்பட்டவர்கள் சிலர் இருந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம், மிரட்டலுக்குப் பயந்து வந்தவனை முதுகில் சுடுவது இன்னும் கொடுமைதானே? 5,000 ஆகட்டும், 20,000 ஆகட்டும், கூட்டத்தின் அளவு ஓடுகிறவனைச் சுட அனுமதி கொடுக்காது.

இன்னொரு தகவலையும் இங்கே போட்டுவிடுகிறேன். 1985ல் அதே மார்ச் 21, ஷார்ப்வில்லின் 25வது நினைவு நாள், ஊயிட்டன்ஹேக் பக்கம் லங்காவில் இறுதி ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் சுட்டது, குறைந்தது 20 பேர் மரணம். கல்லும் பெட்ரோல் குண்டும் வைத்துத் தாக்கினார்கள் என்று முதலில் சொன்னார்கள். கன்னமேயர் ஆணையம் விசாரித்தபோது அங்கேயும் பெரும்பாலோர் பின்பக்கமிருந்து சுடப்பட்டிருந்தார்கள். 25 வருடம் கழித்தும் அதே விளக்கம், அதே முதுகுகள்.

1998ல், நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமும் ஷார்ப்வில்லில் கூடியவர்கள் ஆயுதமற்றவர்கள், போலீஸ் தேவையில்லாமல் அளவுக்கு மீறிய பலத்தைப் பயன்படுத்தியது, சுட்டதில் ஓரளவு திட்டமிட்ட தன்மையே இருந்தது என்று எழுதியது. "கான்ஸ்டபிள்கள் தாங்களாகவே சுட்டுவிட்டார்கள்" என்ற பழைய கதையை அரசே அமைத்த ஆணையம் ஏற்கவில்லை. ஆனாலும் ஒரு போலீஸ்காரரும் தண்டனை அடையவில்லை.

எங்கள் கோயில் மண்டபத்தில் மார்ச் 21க்குப் பிள்ளைகளுக்காகப் படங்களை வைக்கப் போகிறோம். கேமரா அண்ணா, எப்படி வைக்கலாம் என்று சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த் கேமரா

வரிசை மாறாமல் வையுங்கள் தங்கச்சி. முதலில் வேலியோரம் நிற்கும் கூட்டம், அப்புறம் ஓட்டம், அப்புறம் மைதானம், கடைசியில் பீட்டர் மகுபானே எடுத்த சவ அடக்கப் படம், வரிசையாகச் சவப்பெட்டிகள். ஓடும் படத்தை எங்கேயும் ஓரம் வெட்டாதீர்கள். அழகுக்காக முன்னால் ஓடும் இரண்டு பேரை மட்டும் பெரிதாக்கிப் போடுவார்கள், அப்போது பின்னால் இருக்கும் போலீஸ் காணாமல் போய்விடும், யாரிடமிருந்து ஓடுகிறார்கள் என்பதே தெரியாது. ஒவ்வொன்றின் கீழும் எடுத்தவர் பெயர், நாள், தெரிந்தால் நேரம். பக்கத்தில் தனித் தாளில் போலீஸ் சொன்ன விளக்கத்தையும் அப்படியே எழுதி வையுங்கள், ஒரு வரி குறைக்காமல். பிள்ளைகளே படித்துவிட்டுப் படத்தில் தேடட்டும்.

வெருலம் அக்கா

69 என்று எழுதும் இடத்தில் 91 என்ற கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். மவுண்ட் எட்ஜ்கம்முக்கும் ஒரு பலகை வேண்டும், படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. செத்தவர்கள் பெயர்களை நான் எழுதித் தருகிறேன்.

பீனிக்ஸ் பெரியவர்

கேட்டோ மேனரில் செத்த ஒன்பது பேருக்கும் ஒரு தாள் வையுங்கள். அதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

லென்ஸ் வாசகி

வைக்கிறோம் ஐயா. அது எத்தனாம் தேதி என்று மேலே எழுதியிருக்கிறீர்கள், அதையும் வரிசையில் முதலில் போட்டுவிடுகிறேன்.